வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக: விருந்தினர்

ஒரு வாக்கியத்தை விசாரிப்பதற்காக வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஒருவர் என் வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தார் என்று எழுதுவது ஒரு நாகரிகத்துக்காக. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் ஆறடி மனிதர் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மடியில் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, சிவந்த கழுத்தில் வியர்வை. அவருக்கு வலப்பக்கம் மலாக்கா டவுனிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர். இடப்பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி. மேனேஜர் துரை எங்களுக்குக் கடவுள் என்றால், பெரிய கிராணி பூசாரி. கடவுளைவிடப் பூசாரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இவர்கள் மூவருக்கும் எதிரே, கரும்பலகைக்குக் கீழே, புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். வயது ஒன்பது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ஸ்டோர் பக்கமிருந்து ரப்பர் பால் புளித்த வாடை வந்துகொண்டிருந்தது.

அவளுடைய அப்பா அப்போது போலீஸ் காவலில் இருந்தார். காரணம், நான் நடத்திய தமிழ்ப் பாடம்.

இந்தப் பத்திரிகையில் சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, செங் என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி போனில் கூப்பிட்டுக் கேட்டார். "டீச்சர், பழைய கதையெல்லாம் எழுதறீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன்லா இவ்ளோ குத்தல்?"

அம்மா, அந்தக் காலத்தை நேராகச் சொன்னால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். குத்தலாகச் சொன்னால் வேடிக்கை என்று நம்பிவிடுவீர்கள். அதனால்தான்.

யானைமேல் வந்த அரசன்

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அந்தக் காலத்துக்கு அவசரகாலம் என்று பெயர். அவசரம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வருஷக்கணக்கில் நிதானமாக நடந்த அவசரம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மெர்லிமாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் எங்கள் தோட்டம். பெயரைச் சொல்ல மாட்டேன். பெரிய கிராணியின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறார்கள் என்று கேள்வி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். இருட்டினால் ஊரடங்கு. வேலிக்குள் இருந்த எங்களைக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து பாதுகாக்கிறார்களா, அல்லது எங்களிடமிருந்து வேறு யாரையாவது பாதுகாக்கிறார்களா என்பது கடைசிவரை விளங்கவில்லை.

காட்டுக்குள் ஒரு பிடி சோறு போய்விடக் கூடாது என்பது சட்டம். அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. விடியற்காலையில் கேட்டில் நிற்கும் காவலர்கள் பெண்களின் பால்வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். எந்த வாளியிலிருந்தும் ஒரு கம்யூனிஸ்டு விழுந்ததில்லை. இருந்தாலும் தட்டுவதை நிறுத்தவில்லை.

நான் மலாக்கா டவுனில் வளர்ந்தவள். கான்வென்ட்டில் படித்துவிட்டு, ஸ்டெல்லா டீச்சர் என்ற புதுப் பட்டத்தோடு இந்த வேலிக்குள் வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. பாடப்புத்தகம் கப்பலேறி மெட்ராஸிலிருந்து வந்தது.

அந்தப் புத்தகத்தில் புதிய சொற்களுக்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். 'நகர்வலம்: அரசன் யானைமேல் ஏறி நகர்வலம் வந்தான்.' எங்கள் பிள்ளைகள் அரசனையும் பார்த்ததில்லை, நகரத்தையும் பார்த்ததில்லை. யானையை மட்டும் தெரியும், அது கன்றுச்செடிகளைப் பிடுங்கிப்போடும் ஒரு சனியன்.

"டீச்சர், நகர்வலம்னா பட்ரோலா?" என்று ஒரு பையன் கேட்டான்.

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. "ஆமாம், வாக்கியம் சொல்லு" என்றேன்.

"சோல்ஜர்கள் லோரிமேல் ஏறி நகர்வலம் வந்தார்கள்."

மெட்ராஸ் புத்தகம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்த லோரி ஒரே நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டது.

எனக்கும் இந்த அவஸ்தை தெரியும். கான்வென்ட்டில் அயர்லாந்துச் சிஸ்டர் ஒருவர் எங்களுக்கு இங்கிலீஷ் சொற்கள் கற்பித்தார். ஒருநாள் புகைபோக்கி என்பதற்கு வாக்கியம் கேட்டார். மலாக்காவில் எந்த வீட்டில் புகைபோக்கி இருந்தது? நான் அதை ஏதோ ஆறு என்று நினைத்துக்கொண்டு, 'என் மாமா புகைபோக்கியில் விழுந்து நீந்திக் கரையேறினார்' என்று எழுதினேன். சிஸ்டர் என் மாமாவுக்காக ஜெபிக்கச் சொன்னார்.

அதற்கு முன்னால் ஜப்பான்காரன் காலம். அப்போது எடுத்துக்காட்டே தேவைப்படவில்லை. கன்னத்தில் கை விழுந்ததும் சொல்லின் பொருள் தானாக விளங்கிவிடும்.

ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். தினம் ஒரு சொல். ஆளுக்கொரு வாக்கியம். "உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லலாம், நடக்காததையும் சொல்லலாம். எழுவாயும் பயனிலையும் சண்டை போடாம இருந்தாப் போதும்" என்றேன். அன்றைய சிறந்த வாக்கியம், சொன்ன பிள்ளையின் பெயரோடு மறுநாள்வரை பலகையில் இருக்கும்.

பிள்ளைகள் கொட்டினார்கள்.

பொறுமை: 'கேட்டில் காவலர் அம்மாவின் முந்தானையை உதறச் சொன்னபோது அம்மா பொறுமையாக இருந்தார்.'

செல்வம்: 'எங்கள் வீட்டில் ஒரு சேவலும் ஒரு சித்தப்பாவும் செல்வமாக இருக்கிறார்கள்.'

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கல்வி உலகத்தையே திருப்பிப்போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இருபது வயதில் அப்படித்தான் இருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு

ஒருநாள் கொடுத்த சொல், விருந்தினர்.

புஷ்பம் எழுந்து நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே ஓட்டமாகச் சொன்னாள்: "இருட்டியதும் விருந்தினர் வந்தார்; அம்மா கதவைச் சாத்திவிட்டு அவருக்குச் சோறு போட்டார்."

நடுவில் எவ்வளவு அழகாக நிறுத்தினாள் தெரியுமா! மூன்றாம் வகுப்பில் அரைப்புள்ளி! நான் கை தட்டினேன். வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, கீழே 'புஷ்பம்' என்று போட்டேன். அரைப்புள்ளியைப் பார்த்த மகிழ்ச்சியில் சாத்திய கதவைப் பார்க்கவில்லை.

அன்று மாலை அதே அறையில் ஒரு கூட்டம். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுப்பதால் வரும் தீமைகளைப் பற்றித் தொழிலாளர்களுக்கு விளக்க அந்த வெள்ளைக்கார போலீஸ் லெப்டினன்ட்டும் மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார்கள். தோட்டத்தில் இருந்த ஒரே மண்டபம் என் பள்ளிக்கூடம்தான். பெரிய கிராணி கதர் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வரவேற்றார்.

மொழிபெயர்ப்பாளர் பேச எழுந்தபோது அவர் கண் பலகைமேல் விழுந்தது. முதலில் தமிழில் வாய்க்குள் படித்தார். பிறகு இங்கிலீஷில் உரக்கப் படித்தார். இங்கிலீஷில் கேட்டபோதுதான் எனக்கே அது எப்படி ஒலிக்கிறது என்று விளங்கியது. இருட்டு, சாத்திய கதவு, சோறு. இதைவிட நல்ல சாட்சியை போலீஸே எழுதியிருக்க முடியாது.

"யார் வீட்டுப் பெண் இது?" என்று லெப்டினன்ட் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய கிராணி அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கீழ் லயத்து முனியாண்டியின் மகள் சார். இது ரொம்ப சீரியஸான விஷயம் சார்" என்றார்.

அன்றைக்குப் புழுக்கம் அதிகம். அதனால் வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பிரட்டுக்களத்தில், ஆட்களைப் பெயர் கூப்பிடும்போது, முனியாண்டியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். முனியாண்டி பால்வெட்டுத் தொழிலாளி. வருகிறபோதும் போகிறபோதும் 'வணக்கம் டீச்சரம்மா' என்பதற்குமேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. பால்வெட்டுக் கத்தியைத் துடைத்துப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஏறினார் என்று சொன்னார்கள்.

விசாரணையில்லாமல் எத்தனை மாதம் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம். அதற்கும்மேல், குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றலாம். லயத்தில் அந்தப் பேச்சுத்தான். "கப்பலேத்திருவாங்கலா. போன வருஷம் அந்தப் பக்கத்து தோட்டத்துல ஏத்துனாங்களே." முனியாண்டி இந்த மண்ணில் பிறந்தவர். கப்பலை மலாக்கா கடற்கரையில் நின்று ஒருதடவை பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

நான் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். புஷ்பத்தின் அம்மா அஞ்சலை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்பு எரியவில்லை.

"அஞ்சலக்கா, அன்னைக்கு யாரு வந்தது?"

"யாரும் வரல டீச்சரம்மா."

"பயப்படாம சொல்லுங்க. சொந்தக்காரங்க யாராச்சும்..."

"யாரும் வரலன்னு சொல்றேன்லா! இது சும்மா கதை கட்டுது. இதோட வாயில சூடு வைக்கணும்."

மூலையில் நின்ற புஷ்பம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அடி வாங்கப்போகும் பிள்ளையின் முகம் இல்லை அது. விடை சரியாக எழுதியும் தப்பு என்று அடித்துவிட்ட தாளைப் பார்க்கும் முகம்.

நான் அம்மாவை நம்பினேன். பெரியவர்களை நம்புவதுதானே எங்கள் தொழில்.

போலீஸ் நிலையத்தில் இலக்கணம்

நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, போலீஸ் நிலையத்துக்குப் போனேன். லெப்டினன்ட் மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. என் கான்வென்ட் இங்கிலீஷைத் தூசி தட்டி எடுத்தேன்.

"சார், அது ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். சொல்லின் பொருளை விளக்குவதற்காகச் சொல்வது. நடந்த சம்பவம் இல்லை."

"அப்படியென்றால் அந்தப் பெண் பொய் சொல்கிறாளா?"

"பொய் இல்லை சார். வாக்கியம்."

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

சட்டம் படித்தவர்கள் யாராவது இதற்குப் பதில் வைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சார், அதே பலகையில் போன மாதம் 'அரசன் யானைமேல் நகர்வலம் வந்தான்' என்று எழுதியிருந்தது. ஊரடங்கு நேரத்தில் அனுமதியில்லாமல் யானையில் சுற்றியதற்காக அந்த அரசனை நீங்கள் தேடவில்லையே?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவளாகக் கற்பனை செய்ததுதான் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா மிஸ்?"

"முடியும் சார்."

"சரி. நானே வந்து அவளைக் கேட்கிறேன். கற்பனை என்று அவள் வாயால் சொன்னால் பார்க்கலாம்."

வெற்றியோடு பஸ் ஏறினேன். ஒரு மனிதரைச் சிறையிலிருந்து மீட்க அவருடைய மகள் தன்னைப் பொய்க்காரி என்று ஒப்புக்கொண்டால் போதும். எவ்வளவு எளிதான நீதி!

"வேற வார்த்தை கொடுங்க"

இப்படியாகத்தான் லெப்டினன்ட் முழங்காலைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு என் வகுப்பில் உட்கார்ந்தார்.

மொழிபெயர்ப்பாளர் ஆரம்பித்தார். "ஏ பொண்ணு, பயப்படாத. ஒங்க வீட்டுக்கு வந்தது யாரு?"

புஷ்பம் பேசவில்லை.

"யாரும் வரலதானே?" என்று பெரிய கிராணி மிகவும் அன்போடு எடுத்துக்கொடுத்தார். அவருக்கு அவ்வளவு இனிமையான குரல் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

புஷ்பம் பேசவில்லை.

நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "புஷ்பம், அது நீயா யோசிச்சுச் சொன்ன வாக்கியம்தானே? ஆமான்னு சொல்லும்மா. அப்பா வந்துருவாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நீயுமா என்பதுபோல ஒரு பார்வை. உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், வேற வார்த்தை கொடுங்க."

"என்னம்மா?"

"யாரு வந்தாங்கன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க. வார்த்தை கொடுங்க. வாக்கியம்னா சொல்லலாம்."

இந்த நுட்பமான சட்ட வாதத்தை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை. அன்றைய பாடத்தில் இருந்த சொல் நாக்கில் வந்தது.

"மரியாதை" என்றேன்.

புஷ்பம் நிமிர்ந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். தினமும் வகுப்பில் சொல்லும் அதே குரலில், நல்ல செந்தமிழில் சொன்னாள்:

"பெரிய கிராணி ஐயா இருட்டியதும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு மரியாதையாக உடும்புக் கறியும் சோறும் போட்டார்."

மொழிபெயர்ப்பாளர் பெரிய கிராணியைத் திரும்பிப் பார்த்தார்.

இங்கே பெரிய கிராணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வீடு சுத்த சைவம். முட்டை ஓடுகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை, அவர் மனைவி அப்படி. கோயில் கமிட்டித் தலைவரும் அவரேதான். சரஸ்வதி பூஜையன்று இதே பள்ளிக்கூடத்தில், இதே பிள்ளைகளுக்கு முன்னால், புலால் உண்பதால் புத்தி மழுங்கும் என்று முக்கால் மணி நேரம் பேசியவர். அஞ்சலை வைக்கும் உடும்புக் கறியோ தோட்டம் முழுக்கப் பேர்போனது.

லெப்டினன்ட், "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பெரிய கிராணி மரியாதைக்குரியவர் என்கிறாள் சார்."

பெரிய கிராணி அடக்கத்தோடு தலை குனிந்தார்.

அந்த நிமிஷத்தில் நான் கணக்குப் போட்டேன் என்று சொன்னால் பொய். என் சம்பளம், நான் குடியிருந்த அறை, எல்லாமே பெரிய கிராணியின் பேனா முனையில் இருந்தன. அதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு வந்தது வெறும் ஆத்திரம். அவ்வளவு நல்ல வாக்கியத்தை, எழுவாய் பயனிலை செயப்படுபொருள் எல்லாம் ஒழுங்காக நின்ற ஒரு வாக்கியத்தை, இந்த மொழிபெயர்ப்பாளர் கொன்றுவிட்டாரே என்ற ஆத்திரம்.

"அவள் சொன்னது அது இல்லை சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். முழு வாக்கியத்தையும் மொழிபெயர்த்தேன். உடும்புக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. பெரிய பல்லி என்றேன்.

லெப்டினன்ட் மெதுவாகத் திரும்பினார். "சீப் கிளார்க், நீங்கள் பல்லி சாப்பிட்டீர்களா?"

பெரிய கிராணிக்கு வியர்க்கவில்லை. அவர் திறமைசாலி. "சார், இந்த டீச்சரே உங்களிடம் வந்து சொன்னார்களாமே, எடுத்துக்காட்டு வாக்கியம் வேறு, உண்மை வேறு என்று? இதுவும் எடுத்துக்காட்டுத்தானே சார்?"

அரசனும் யானையும் என் முன்னால் நகர்வலம் போனார்கள்.

அப்போது பின்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், நானும் மரியாதைக்கு வாக்கியம் சொல்றேன்."

சொல்லு என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"பெரிய கிராணி ஐயா எங்கள் வீட்டைத் தாண்டும்போது டார்ச் லைட்டை அணைத்துவிட்டு மரியாதையாக நடந்துபோனார்."

"டீச்சர், நான்! 'எங்கள் நாய் மரியாதை தெரியாமல் பெரிய கிராணி ஐயாவைப் பார்த்துக் குரைத்தது.'"

"டீச்சர், டீச்சர்! 'முதுகுவலிக்கு உடும்பு நல்லது என்று பெரிய கிராணி ஐயா சொன்னார்; எங்கள் தாத்தா மரியாதைக்காக ஆமாம் என்றார்.'"

அரைப்புள்ளியைக் கவனியுங்கள். புஷ்பத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றையும் நான் மொழிபெயர்த்தேன். நாய் வந்ததும் லெப்டினன்ட் கையால் வாயை மூடிக்கொண்டார். லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. வேலியைச் சோறு தாண்டவில்லை; வேலிக்குள்ளேயே, ஆபீஸ் பங்களாவிலிருந்து கீழ் லயத்துக்கு ஒரு வயிறு தாண்டியிருந்தது.

"உங்கள் மனைவியைக் கேட்டால் தெரியுமா?" என்றார் லெப்டினன்ட்.

அந்தக் கேள்விக்கு முன்னால் பெரிய கிராணியின் மூளை வேலை செய்த வேகத்தை இன்றைக்கும் வியக்கிறேன். எழுந்து நின்றார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"சார், அது ஓர் இன்ஸ்பெக்ஷன். தொழிலாளர் வீடுகளில் அளவுக்குமேல் அரிசி இருக்கிறதா என்று ரகசியமாகச் சோதித்தேன். சாப்பிட்டுப் பார்த்தால்தானே இருப்பு தெரியும்?"

"முனியாண்டியைக் கைது செய்தபோது ஏன் சொல்லவில்லை?"

"ரகசியம் சார். வெளியில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."

லெப்டினன்ட் பெஞ்சிலிருந்து தன் கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தொப்பியை வைத்துக்கொண்டார். "வாழ்த்துகள் மிஸ். உங்கள் பிள்ளைகளுக்கு இலக்கணம் நன்றாக வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல வார்த்தை

முனியாண்டி திரும்பி வந்தார். கன்னம் ஒட்டி, இடது காலைச் சற்று இழுத்து நடந்துகொண்டு வந்தார். அந்தக் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த பிரட்டில் துரை, உணவுக் கட்டுப்பாட்டில் அக்கறை காட்டியதற்காகப் பெரிய கிராணியை எல்லார் முன்னாலும் பாராட்டினார். பெரிய கிராணி கைகூப்பினார். வீட்டில் மட்டும் அவருக்குத் தனித்தட்டும் தனிச்செம்பும் வைத்துவிட்டார்கள் என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம், பள்ளி விட்ட பிறகு, முனியாண்டி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பில்லாத கால்களைப் படியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் போலீஸ்கிட்ட நீங்களே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே டீச்சரம்மா. மொத நாளே சொன்னேன். பெரிய கிராணிதான் வந்தாருன்னு. மொழிபெயர்ப்பு சார்தான் கேட்டு கேட்டு போலீஸ் தொரைக்குச் சொன்னாரு. என்னா சொன்னாருன்னு எனக்கு என்னா தெரியும்?"

அஞ்சலையிடம், வாய் திறக்க வேண்டாம், உன் புருஷனை நானே பேசி வெளியே கொண்டுவருகிறேன் என்று பெரிய கிராணி சொல்லியிருந்தாராம். திறந்தால் வேலையும் போகும், வீடும் போகும் என்றும் சொல்லியிருந்தாராம். இதையும் முனியாண்டிதான் சொன்னார், மழை பெய்தது என்று சொல்வதுபோல.

பிறகு பலகையைப் பார்த்தார். "அந்த வார்த்தைய எழுதிக் காட்டுறீங்களா? எம் மவ சொன்னாளே, அத."

'விருந்தினர்' என்று பெரிதாக எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"படிங்க டீச்சரம்மா."

படித்தேன்.

"நாங்க வீட்டுல 'வந்தவங்க'ன்னுதான் சொல்லுவோம்" என்றார். பலகையை மறுபடி பார்த்து, "எம் மவ நல்ல வார்த்தையாத்தான் போட்டுருக்கா" என்றார். போகும்போது வழக்கம்போல வணக்கம் சொன்னார்.

பால் தரும் பசு

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. துரை கூப்பிட்டு ஓர் ஆலோசனை மட்டும் சொன்னார்: இனி புத்தகத்தில் உள்ள வாக்கியங்களே போதும்.

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அம்மாக்கள் அதற்கு முன்பே பிள்ளைகளின் வாயைத் தைத்துவிட்டார்கள். மறுவாரம் 'வீரம்' என்றேன். ஒருவன் எழுந்து, "வீரமான பசு பால் தரும்" என்றான். 'துக்கம்' என்றேன். "துக்கமான பசுவும் பால் தரும்." 'பயணம்' என்றேன். "பயணம் போன பசு பால் தரும்."

பட்டாளமே வந்து சோதித்தாலும் அந்தப் பசுவிடம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. டவுனிலிருந்து பள்ளியைப் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர், "என்ன கட்டுப்பாடான பிள்ளைகள்!" என்று மெச்சி, எனக்கு ஒரு பெட்டி சாக்பீஸ் பரிசளித்தார். நான் நன்றி சொன்னேன். அன்று மாலை அறைக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். பாடம் நடத்தத் தெரியாத டீச்சராக இருந்திருந்தால் முனியாண்டி கால் இழுக்காமல் நடந்திருப்பார் என்ற நினைப்பு ஒரு பக்கம். தெரிந்ததால்தான் திரும்பி வந்தார் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு வாக்கியமாக எனக்கு இன்றுவரை அமையவில்லை.

புஷ்பம் பசுவைக்கூடச் சொல்லவில்லை. அவள் முறை வந்தால் எழுந்து நிற்பாள், பேசாமல் உட்கார்ந்துவிடுவாள். நான் வற்புறுத்தவில்லை.

மழைக்காலம் முடியும் சமயம் என்று நினைவு. அன்றைய சொல், கோபம். இரண்டு மூன்று பசுக்கள் கோபமாகப் பால் தந்து முடித்தன. புஷ்பத்தின் முறை. எழுந்தாள். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குக் கோபம் வருகிறது" என்றாள்.

பிள்ளைகள் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை. இருந்தாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டேன்.

"யார் மேலம்மா?"

"அது அடுத்த வாக்கியம் டீச்சர். நீங்க ஒன்னுதானே கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.